பின்னோக்கி நடந்த பையன்

மாவட்டப் பதிவு அலுவலகத்தில்
வீட்டு அடமானங்களுக்கு முத்திரை குத்துவது என் வேலை.
பதினேழு வருடம்.
இந்த ஊரில் எந்த வீடு யாருக்குச் சொந்தமில்லை என்று
எனக்குத் தெரியும்.
தேவாலயத்தில் பக்கத்து இருக்கைக்காரரின்
இரண்டாம் அடமானம்கூட.
சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மார்ச் கடைசி. சுப்பீரியர் ஏரி இன்னும் உறைந்தே கிடந்தது.
பாஸ்டனிலிருந்து தடித்த உறை வந்தது.
மெல்லியது வந்தால் இல்லை, தடித்தது வந்தால் ஆமாம்.
ஐலா காலணியோடு சமையலறையில் குதித்தாள்.
தரையெல்லாம் உருகிய பனி.
நான் துடைக்கவில்லை.

இரண்டாம் பக்கத்தை நான்தான் படித்தேன்.
'உதவித் தொகுப்பு' என்று தலைப்பு.
கொடை, சலுகை, வளாகத்தில் பகுதிநேர வேலை,
நடுவே, அதே எழுத்தில், அதே அளவில்,
கடன்.
கல்யாண வரிசையில் உறவினரோடு நின்று
சிரித்துக் கைகுலுக்கும் வசூல்காரன் மாதிரி.

கழித்தது போக வருடத்துக்கு முப்பத்தெட்டாயிரம் டாலர்.
வென்டெல் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான்.
கொட்டித் தீர்த்தால்தான் எங்களுக்கு நல்ல வருடம்.
"நாலு வருசம் விடாம பெய்யணும்" என்றான்.
சிரித்தோம்.
பிறகு பாத்திரம் கழுவினோம்.

பன்னிரண்டு மைலில் மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது.
எங்கள் பல் மருத்துவர் அங்கே தொடங்கியவர்.
நன்றாகத்தான் பிடுங்குகிறார்.

ஏப்ரலில் நேரில் பார்க்கப் போனோம், காரில், இருபத்தோரு மணி நேரம்.
வளாகத்தைச் சுற்றிக் காட்டிய பையன்
எங்களைப் பார்த்துப் பேசியபடி
பின்னோக்கியே நடந்தான்.
படிக்கட்டு, மர வேர், சாய்த்து வைத்த சைக்கிள்
எதிலும் இடறவில்லை.
முதுகுக்குப் பின்னால் எல்லாம் சரியாகவே இருக்கும் என்று
யாரோ அவனுக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

உணவுக்கூடத்தில் காலைக்குப் பத்தொன்பது வகைத் தானியம்.
எண்ணியது நான்.
ஐலா ஓர் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கதவில்
மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.
உள்ளே நீண்ட குழாய்களில் ஏரிச் சேறு,
வருடத்துக்கு ஒரு கோடாக.
ஒரு குழாயின் சீட்டில் எங்கள் ஏரியின் பெயர்.
நம் வீட்டு வாசல் சேற்றைப் பார்க்க
இவ்வளவு தூரமா, என்று கேட்க வாய் வந்தது.
அவள் முகத்தைப் பார்த்தேன்.
பிறந்த அன்று என்னைப் பார்க்காமல்
விளக்கையே பார்த்துக்கொண்டிருந்த அதே முகம்.
கேட்கவில்லை.

திரும்பும்போது மாக்கினா பாலத்தில்,
சக்கரத்தடியில் இரும்புச் சல்லடை ஓலமிட,
"வீட்டுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி?" என்றாள்.
ஒன்பதாயிரம் குறைத்துச் சொன்னேன்.
வென்டெல் என்னைத் திரும்பிப் பார்த்தான்,
பிறகு சாலையை.
மறுநாள் யாரிடமும் சொல்லாமல்
ஸ்னோமொபைலை வாசலில் நிறுத்தி
'விற்பனைக்கு' என்று அட்டை மாட்டினான்.
ஏப்ரலில் அதை யார் வாங்குவார்.

இன்று முப்பது. நள்ளிரவோடு கெடு.
சமையலறை மேசையில், உறையின் பின்புறம்
பென்சிலில் அவள் கணக்கு:
வட்டி, தவணை, மீண்டும் வட்டி,
ஒரு கூட்டல் தப்பு, அதற்குத் திருத்தம்.
கடைசித் தவணை: வயது நாற்பத்தொன்று.
அடியில் இரண்டு கோடு.

என் வயது அது.

ஓரத்தில் குட்டி எழுத்தில்:
'அம்மா அவ்வளவு கிழவி இல்லை.'

எத்தனை தரம் படித்தேன் தெரியவில்லை.
ஒரு தரம் அது ஆமாம் என்றது,
ஒரு தரம் என் மேல் இரக்கப்பட்டது.

கையெழுத்துப் போடுகிற எல்லோரிடமும்
கவுன்டரில் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு:
முழுக்க வாசித்தீர்களா?
எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் குத்துவேன்.

பத்து நாற்பது.
மாடியில் அவள் அறையில் விளக்கு எரிகிறது.
ஏறிப் போகிறேன்.
எதுவானாலும், முதலில்
அந்த ஒன்பதாயிரத்தைச் சொல்லியாக வேண்டும்.